கோதுமை வயல் நடுவே ஒரு பள்ளிவாசல்



அமெரிக்காவில், கனடா எல்லையையொட்டி வட டகோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் ரொஸ் என்ற சிற்றூர். சுற்றிலும் பரந்த புல்வெளி, கோதுமை வயல். குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு 30 பாகை கீழேயும் இறங்கிவிடும். அந்த இடத்தில் 1929ஆம் ஆண்டிலேயே ஒரு பள்ளிவாசல் எழுந்தது என்றால் நம்புவீர்களா? கட்டியவர்கள் செல்வந்தர்களல்லர். மண்ணைக் கிண்டிப் பிழைத்த விவசாயக் குடும்பங்கள்.

அக்குடும்பங்களில் ஒன்றின் தாய் மேரி ஜுமா. பெயரைப் பார்த்து நெற்றியைச் சுருக்காதீர்கள். நம் மர்யம்தான் ஆங்கிலத்தில் மேரி. 1939இல் அரசாங்கத் திட்டமொன்றின் கீழ் குடியேறிகளின் வரலாறுகளைத் திரட்டியவர்கள் இவரிடமும் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதனால்தான் இவர் கதை இன்று நமக்குக் கிடைக்கிறது.

அக்காலத்தில் சிரியா என வழங்கிய, இன்று லெபனானைச் சேர்ந்த மலைக் கிராமத்துப் பெண் இவர். எழுதப் படிக்கத் தெரியாது. பெண்பிள்ளைக்கு எழுத்துக் கற்பிப்பது வீண் செலவு என்று ஊரார் எண்ணியதை அவரே சொல்லியிருக்கிறார். 1899இல் இருந்ததை விற்று, நிலத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கி, கணவர் ஹஸனுடன் புறப்பட்டார். இரண்டு பெண்பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டுத்தான் கப்பலேறினார். தாய்மாரே, அந்தப் பயணம் எப்படியிருந்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்ததும் குதிரை வண்டியில் சாமான் ஏற்றி, பண்ணை பண்ணையாக விற்றுத் திரிந்தார்கள். நம் நாட்டில் பொட்டணி வியாபாரம் என்போமே, அதேதான். அப்படித் திரிந்து ரொஸ் வந்தபோதுதான் நிலம் கிடைக்கும் செய்தி தெரிந்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, 160 ஏக்கரில் வீடு கட்டி, ஐந்து வருடம் வசித்துப் பயிர் செய்தால் அது சொந்தமாகும். 1902இல் இவர்களும் ஒரு துண்டு எடுத்தார்கள். ஆனால் நிலத்தின் உறுதி கைக்கு வர அமெரிக்கப் பிரஜையாக வேண்டும். சிரியாக்காரர் பிரஜாவுரிமைக்குத் தகுந்த வெள்ளையரா, இல்லையா என்று நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் வாதிட்டன. 1915இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஆம் என்று தீர்த்தது. வியர்வை சிந்தியவனின் நிறத்தை அளந்து பார்த்த காலம் அது!

முதல் ஆண்டுகளில் விளைச்சல் மட்டும் வயிற்றைக் கழுவவில்லை. வயலில் வேலை குறைந்ததும் ஹஸன் மீண்டும் வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுவார். மாட்டையும் கோழியையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர் யார்? ஆணைப் போல உழைத்தேன், கணவருக்கு நான் உதவாத வேலையே இல்லை என்ற கருத்தில் மேரி பிற்காலத்தில் கூறினார். 1918இல் கணவர் காலமானார். பண்ணையை விட்டு அவர் போகவில்லை. அந்நிலத்திலேயே பிறந்து வளர்ந்த மகன் தாயோடு நின்று விவசாயத்தைத் தொடர்ந்தான்.

இதற்கிடையில் ஊரிலிருந்து இனபந்துக்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பள்ளிவாசல் இல்லை. ஆகவே தொழுகை வீடுகளில் நடந்தது, ஒருமுறை ஒருவர் வீட்டில், மறுமுறை இன்னொருவர் வீட்டில். நோன்பு மாதம் முடிந்ததும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் விருந்துண்டு மகிழ்ந்ததை மேரி நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஊரில் கோடையில் சூரியன் மறைய இரவு ஒன்பதரைக்கு மேலாகும். கோடை நோன்பில் பகல் முழுதும் வயலில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். நாம் ஆறரைக்கே வாடிப்போகிறோம்.

1929இல் கட்டிய பள்ளிவாசலுக்கு மினாராவும் இல்லை, குப்பாவும் இல்லை. பாதி நிலத்துக்குள் புதைந்த ஓர் எளிய கட்டடம். அருகே மையவாடி. பிறகு வந்த பத்தாண்டு பொல்லாதது. உலகப் பொருளாதார மந்தத்தோடு மழையும் பொய்த்தது; 1930களில் அந்தப் பிரதேசமே புழுதியாய்ப் பறந்தது. பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. மிஞ்சியவர்களின் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்கள், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மணம் முடித்தார்கள். அரபு தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போனார்கள். தொழ ஆளில்லாமல் பாழடைந்த அக்கட்டடம் 1970களின் இறுதியில் இடித்துத் தள்ளப்பட்டது.

குறை சொல்ல நமக்கு வாய் வராது. எழுத்தறியாத ஒரு தாய், சுற்றிலும் ஒரு மத்ரஸாவும் இல்லாத வெளியில், எவ்வளவைத்தான் பிடித்துவைப்பார்? அவரோ அதைப் பற்றி அழுது புலம்பவில்லை. இன்னொரு முறை வாழக் கிடைத்தால் அமெரிக்காவுக்கு இன்னும் முந்தியே வந்திருப்பேன் என்றுதான் சொன்னார்.

ஆனால் கபுறுகள் இருந்தன. பிறை பொருத்திய வாயிலும் இருந்தது. 2005ஆம் ஆண்டு, அந்த முதல் குடியேறிகளின் வழிவந்த ஒரு பெண்மணியின் முயற்சியால், அவர் குடும்பத்தாரும் நண்பர்களும் சேர்ந்து பழைய இடத்திலேயே சின்னஞ்சிறு பள்ளிவாசலொன்றை எழுப்பினார்கள். ஒரு குப்பா, நான்கு சிறு மினாராக்கள். உள்ளே சிலர்தான் நின்று தொழலாம். வெளியே கோதுமை வயல், காற்று, மேரியின் காலத்தவர்கள் உறங்கும் கபுறுகள்.