தழைச்சத்தின் இரு வடிவங்கள்

ஒரே அளவு தழைச்சத்து இட்டும், ஒரு வயலில் நெற்பயிர் செழிக்க, மற்றொரு வயலில் வெளுத்து நிற்பதுண்டு. இதற்குரிய காரணங்களுள் முக்கியமானதொன்று, தழைச்சத்தாகிய நைட்ரஜன் மண்ணில் ஒன்றற்கொன்று நேர்மாறான இரு வடிவங்களை எடுப்பதாகும்.

உப்புக்கள் நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள நுண்துகள்களாகப் பிரிகின்றன. இவற்றை அயனிகள் என்பர். நைட்ரஜன் அணு ஒன்று நான்கு ஹைட்ரஜன் அணுக்களுடன் கூடி அமோனியம் என்னும் நேர் அயனியாகிறது. மூன்று ஆக்ஸிஜன் அணுக்களுடன் கூடி நைட்ரேட் என்னும் எதிர் அயனியாகிறது. அமோனியம் நைட்ரேட் என்ற உப்பில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

களிமண்ணும் மட்கும் எதிர் மின்னேற்றம் மிகுந்தவை. ஆதலின் அவை அமோனியத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட்டைப் பிடிப்பது அரிது. 1850-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வே என்னும் ரசாயன நிபுணர், அமோனியம் ஸல்பேட் கரைசலை மண்ணின் வழியே வடியவிட்ட சோதனைகளை வெளியிட்டார். அமோனியா மண்ணில் தங்கிற்று. அதற்கு ஈடாக மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்து நீருடன் வெளிவந்தது.

காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்கிருமிகள் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. புஞ்சைப் பயிர்கள் பெரும்பாலும் இவ்வடிவிலேயே தழைச்சத்தை உண்கின்றன. ஆனால் மணற்பாங்கான நிலத்தில் கனமழை பெய்தால், நைட்ரேட் வேருக்கு எட்டாத ஆழத்திற்குக் கரைந்தோடும்.

நீர் தேங்கிய நஞ்சையில் இடர் இருமடங்காகும். அங்கே சேற்றின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய படலத்தில் மட்டுமே ஆக்ஸிஜன் உண்டு. அப்படலத்தில் உண்டாகும் நைட்ரேட், காற்றில்லாத அடிச்சேற்றை அடைந்ததும், வேறுவகை நுண்கிருமிகளால் வாயுவாக மாறி ஆகாயத்தில் கலந்துவிடும். நெற்பயிரோ அமோனியத்தையே நன்கு உண்ணவல்லது.

ஆகையால் நெல்லுக்கு அடியுரமாக நைட்ரேட் உரங்களை இடுதல் தகாது. அமோனியம் ஸல்பேட்டையோ யூரியாவையோ கடைசி உழவில் சேற்றுடன் நன்கு கலந்துவிடவேண்டும். யூரியாவும் மண்ணில் சில நாட்களில் அமோனியமாக மாறும். மேலுரத்தைத் தேங்கிய நீரில் தூவாமல், நீரை வடித்தபின் பலமுறையாகப் பிரித்து இடுதல் நலம். சாம்பலையோ சுண்ணாம்பையோ அமோனியம் ஸல்பேட்டுடன் கலந்தால் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

நூறு கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோ உண்டு. அதில் எவ்வளவு பயிரைச் சேரும் என்பது இடும் முறையைப் பெரிதும் பொறுத்தது. கிராம அதிகாரிகள் இவ்வேற்றுமையைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பாராயின், வீண்செலவு பெரிதும் குறையும்.