செம்பனை நிழலில் வளரும் ஜீவன்கள்

மலாக்கா நீரிணைக்கும் லங்காட் ஆற்றுக்கும் இடையே அலையாத்திக் கரைகள் சூழக் கிடக்கும் கேரி தீவு, எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற பழைய தோட்டத் துரையின் பெயரை இன்றும் தாங்கி நின்றாலும், அதன் நிலத்தில் பெரும்பகுதியை இப்பொழுது ஆள்வது செம்பனையே. அத்தோட்டங்களை ஒட்டி வாழும் நம் மக்களின் வீடுகளில் நாயும் பூனையும் வளர்வது சகஜம். அவற்றை வருத்தும் வியாதிகளின் காரணத்தை ஆராய்ந்தால், விதியென்று நாம் நொந்துகொள்ளும் மரணங்களில் பல, சுற்றுப்புறத்தை அறிந்து நடந்தால் தவிர்க்கக்கூடியவை என்பது விளங்கும்.

முதலில் எலியைச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் பழுக்கும் செம்பனைக் குலைகள் எலிகளுக்கு ஓயாத அன்னசத்திரமாகிவிடுவதால், அவற்றை ஒடுக்க மலேசியத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூடுப் பெட்டிகள் அமைப்பதும், மரத்தடியில் விஷக் கட்டிகள் இடுவதும் வழக்கம். இவ்விஷங்களில் பல, ரத்தம் உறைவதற்கு அவசியமான வைட்டமின் கே சத்தை ஈரல் மறுபடி உபயோகிக்க முடியாதபடி தடுத்துவிடுகின்றன. உடம்பில் முன்பே உள்ள உறைபொருள்கள் தீரும்வரை பிராணி வழக்கம்போல் ஓடியாடும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்கள் கழித்தே ஈறு வெளுத்தல், கரிய மலம், மூச்சுத்திணறல், சோர்வு முதலிய லட்சணங்கள் தோன்றும். கட்டியைத் தின்ற நாய்க்கு மட்டுமன்றி, விஷமுண்ட எலியைப் பிடித்துத் தின்ற பூனைக்கும் இந்த அபாயம் உண்டு. ஆகையால், லட்சணங்களுக்காகக் காத்திராமல், சந்தேகம் எழுந்த அன்றே, விஷத்தின் உறை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் செல்ல வேண்டும். அவர் தரும் வைட்டமின் கே1 மருந்தைச் சொன்ன வாரங்கள் முடியும்வரை கொடுக்க வேண்டும்; உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது வேறோர் ஆபத்தையே விளைவிக்கும்.

எலியால் வரும் இரண்டாவது தீங்கு எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் வெளிப்படும் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பிழைத்திருந்து, நாயின் புண்வழியாகவும் வாய்வழியாகவும் புகுந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளித்தல் காணப்பட்டால் தாமதிக்கலாகாது; ஏனெனில் நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து அது மனிதருக்கும் தொற்றும். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியும், ஆகாரத்தட்டை இரவில் வெளியே வைக்காத பழக்கமும் நல்ல பாதுகாப்பு.

அலையாத்தியும் வாய்க்காலும் நிறைந்த பூமியில் கொசுவுக்குக் குறைவில்லை. கொசுக்கடியால் புகும் இதயப்புழு, ஏறக்குறைய ஆறு மாதங்களில் வளர்ந்து, நுரையீரல் ரத்தக்குழாய்களிலும் இதயத்திலும் தங்கி, நாயை இருமவும் இளைக்கவும் செய்கிறது. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மாதம் ஒருமுறை தடுப்பு மருந்து கொடுப்பது, வந்தபின் செய்யும் கடினமான சிகிச்சையைக் காட்டிலும் சுலபமானது.

காய்ச்சலென்று எண்ணிப் பூனைக்குப் பனடோல் கொடுப்பாரும் உளர். அந்த மருந்தைக் கழிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் போக்கிவிடக்கூடும்.

2017 ஜூலை முதல் அமலில் உள்ள 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிராணியை வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பதை வளர்ப்பவரின் கடமையாக்கியிருக்கிறது. கடினமான நோய்களுக்குச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் வாழும் பிராணியின் க்ஷேமம் வளர்ப்பவர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. தோட்டத்தின் எந்தப் பகுதியில் எந்த விஷம் எந்த நாளில் இடப்படுகிறது என்பதை மண்டோர் என்னும் தோட்ட மேற்பார்வையாளர் முன்கூட்டியே வீடுகளுக்கு அறிவிப்பதும், அந்நாட்களில் நாயைக் கட்டிவைத்துப் பூனையை உள்ளே நிறுத்துவதும் பைசா செலவில்லாத காரியங்கள். இவ்விரண்டும் வழக்கமாகிவிட்டால், வீணாய்ப் போகும் உயிர்கள் பல பிழைக்கும்.