பந்தும் குழியும் இடம் மாறிய தோள்

மாமல்லபுரத்தில் கல்வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய அவருடைய அப்பாவுக்கு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், "ஜவ்வு முழுசாப் போயிடுச்சு, தைக்க முடியாது. மூட்டை மாத்தலாம். பந்து இருக்கிற இடத்துல குழி, குழி இருக்கிற இடத்துல பந்து" என்றாராம். இப்படியும் செய்வார்களா, இல்லை காசு பிடுங்கப் பார்க்கிறார்களா?

செய்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த அறுவை இது.

இடுப்பில் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் குழி பெயருக்குத்தான். பந்தின் சிறு பகுதியே அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கை இத்தனை திசையிலும் சுழல்கிறது. (மகிஷாசுரமர்த்தினி குகையில் துர்கைக்கு எட்டுக் கை கொடுத்த பல்லவச் சிற்பி, அத்தனைக்கும் மூட்டு எங்கே என்று காட்டாமல் சாமர்த்தியமாக நழுவிவிட்டார்.) பந்தைக் குழியோடு அழுத்தி வைத்திருப்பவை நான்கு சிறிய தசைகள். அவற்றின் நாண்கள் எலும்புத் தலையைச் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. டாக்டர்கள் ரொட்டேட்டர் கஃப் என்பதும், நாம் ஜவ்வு என்பதும் இவற்றைத்தான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எங்கள் வீட்டு மூங்கில் ஏணியை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தூக்கித் தள்ளுவார், இன்னொருவர் அடிக்காலை மிதித்துக்கொள்வார். மிதிக்க ஆளில்லை என்றால் ஏணி நிமிராமல் தரையில் சறுக்கிக்கொண்டே போகும். தோளில் தூக்குகிறவர் டெல்டாய்டு என்ற பெரிய தசை; மிதிப்பவர்கள் இந்த நால்வர். நாண்கள் அறுந்த பிறகு டெல்டாய்டு எவ்வளவு இழுத்தாலும் கை எழாது. பந்துதான் மேலே சறுக்கி, அதற்கு மேலுள்ள எலும்பில் போய் முட்டும். ஆண்டுக்கணக்கில் முட்டி முட்டி மூட்டே அரைபட்டுப் போவதை 1983இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீயரும் அவருடைய சகாக்களும் விவரித்தார்கள்.

அந்த 'ஆண்டுக்கணக்கில்' என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உளி பிடித்தவரும் வலை இழுத்தவரும் தோள்வலியை வயசுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தைலம், மெடிக்கல் ஷாப் மாத்திரை, புத்தூர் கட்டு என்று காலம் போகிறது. சர்க்கரை இருந்துவிட்டாலோ பக்கத்து வீட்டுக்காரரே 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதில் மூட்டே இறுகியிருக்கும். பிறர் தூக்கிவிட்டாலும் கை போகாது. ஜவ்வு அறுந்திருந்தால், தானாகத் தூக்க முடியாத கையைப் பெரும்பாலும் பிறர் தூக்கிவிடலாம். இந்தச் சந்தேகம் வந்த அன்றே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏறியிருக்கலாம். சின்னக் கிழிசலைச் சிறு துளை போட்டே தைத்துவிடலாம். விட்டுவிட்டால் நாண் சுருங்கி உள்ளே போய்விடும், தசை கொழுப்பாக மாறிவிடும். அதன்பின் தையல் நிற்காது. நின்றாலும் இழுக்க அங்கே தசை இருக்காது.

அப்போதுதான் இந்தத் தலைகீழ் மூட்டு. தோள்பட்டை எலும்பில் குழி இருந்த இடத்தில் உலோகப் பந்தைத் திருகிவிடுகிறார்கள். கை எலும்பின் தலையை வெட்டி, அங்கே பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பொருத்துகிறார்கள். 1970களில் நீயர் உட்படப் பலர் இதை முயன்று தோற்றார்கள். பந்தின் மையம் எலும்பை விட்டு வெளியே தள்ளி நின்றது. கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பந்து நெம்பப்பட்டு, திருகுகள் கழன்றன.

பிரான்சின் திஜோன் நகரத்து மருத்துவர் பால் கிராமோன் 1985இல் வேறு கணக்குப் போட்டார். அவருடைய முதல் பந்து, முழுப் பந்தில் மூன்றில் இரண்டு பங்கு. பிறகு அதையும் குறைத்துப் பாதிப் பந்தாக்கினார். இந்தக் குறைப்பில்தான் வித்தையே இருக்கிறது. பாதிப் பந்தின் மையம் அதன் தட்டையான முகத்தில், அதாவது எலும்பின் மேலேயே விழும். எனவே நெம்புவது குறைந்து, டெல்டாய்டுக்கு இழுப்புத் தூரம் கூடியது. கையையும் சற்றுக் கீழே இறக்கிவைத்ததால் தொய்ந்த டெல்டாய்டு விறைத்துக்கொண்டது. கிண்ணம் பந்தின் மேல் கவிந்து நிற்பதால் மேலே சறுக்க வழியில்லை. ஏணியின் அடிக்காலைக் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. மிதிக்க ஆள் வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைக்க 2003 ஆனது.

அப்பாவின் டெல்டாய்டும் அதன் நரம்பும் நன்றாக இருந்தால்தான் இது பலிக்கும். கை தலைக்கு மேல் எழும், சட்டை மாட்டலாம், தலை வாரலாம். சுத்தியலை ஓங்கி அடிப்பதை மறந்துவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் கை போவது பலருக்குச் சிரமமாகவே இருக்கும். இடது தோள் என்றால் கால் கழுவுவதுவரை அது இடிக்கும். கூச்சப்படாமல் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இழந்ததன் வேலையை இன்னொரு தசையிடம் ஒப்படைக்கும் யோசனை செங்கல்பட்டுக்குப் புதிதல்ல. கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், வேலூர் சிஎம்சியில் அறுவை மருத்துவராக இருந்தபோது, 1947இல் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க இங்குள்ள லேடி வில்லிங்டன் தொழுநோய் விடுதிக்கு வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடி வலித்தது. உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செத்திருந்தன. முன்கைத் தசைகள் முழு வலுவோடு இருந்தன. அவற்றின் நாணைத் திருப்பிவிட்டால் விரல் நிமிருமே! போலியோவுக்கு அப்படிச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். தொழுநோயாளியின் சதை ஆறாது என்ற நம்பிக்கைதான் குறுக்கே நின்றது. வேலூரில் பிராண்ட் செய்த அறுவைகள் அதைப் பொய்யாக்கின. அந்த விடுதியை 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது; இன்று திருமணியில் இருக்கும் மத்தியத் தொழுநோய் நிறுவனம் அதுதான்.

அதே வித்தை தோளுக்கும் உண்டு. வயது குறைந்தவர்களுக்கு மூட்டை மாற்றாமல், முதுகின் பெரிய தசையான லாட்டிசிமஸின் நாணைக் கொண்டுவந்து தோளில் தைப்பதை சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கெர்பர் 1988இல் எழுதினார். தலைகீழ் மூட்டு வைத்தும் கை வெளிப்புறம் திரும்பாது என்று தெரிந்தால், சிலருக்கு இரண்டையும் சேர்த்தே செய்வதுண்டு. தைத்தது ஆறிய பின் பிசியோதெரபிஸ்டின் பாடு தொடங்கும். இடம் மாறிய தசைக்குப் பழைய வேலைதான் ஞாபகம் இருக்கும். 'கையை வெளியே திருப்புங்க' என்றால் அது அசையாது. 'கக்கத்துல ஒரு துண்டை இடுக்கிப் பிடிங்க' என்பார் அவர். நோயாளி இடுக்கும்போது கை வெளிப்புறமாகத் திரும்பும்.