மைக் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

பெரிய முதலியார்சாவடிக்கு மாவட்டத் தலைநகர் விழுப்புரம். ஆனால் ஹெட்செட்டோ மைக்கோ வாங்க இங்கிருந்து யாரும் விழுப்புரம் போவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வண்டியைத் திருப்பினால் கோட்டக்குப்பம், அதைத் தாண்டினால் பாண்டி. தூரம் கொஞ்சம்தான், நடுவில் ஓர் எல்லை இருக்கிறது. வீடு தமிழ்நாட்டில், கடை புதுச்சேரியில். வாங்கிய பொருள் கோளாறானால் எங்கே போய் முறையிடுவது என்ற குழப்பத்திலேயே பலர் அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை அந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருந்தது. எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதை மாற்றியது. அதன் 34ஆவது பிரிவின்படி, புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கடை பாண்டி நேரு வீதியில் இருந்தாலும் சரி, இணையக் கம்பெனியின் கிடங்கு அரியானாவில் இருந்தாலும் சரி, உங்கள் வழக்கு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நடக்கும்.

அதற்குப் பில் வேண்டும். 'பாண்டியில் விலை குறைவு' என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் போகவில்லை. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறிய காலத்துப் பேச்சு அது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, ஒரே மைக்குக்கு எல்லையின் இருபுறமும் ஒரே வரி; இன்று அது 18 சதவீதம். இன்றைக்கு ஒரு கடைக்காரர், "தம்பி, பில் வேண்டாம்னா ஆயிரம் ரூபா கொறச்சுக்கறேன்" என்றால், அவர் குறைப்பது பெரும்பாலும் அரசுக்குப் போக வேண்டிய வரியைத்தான். அதோடு உங்கள் வாரண்டியும் போகிறது. பில் தர மறுப்பதையே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழுதான பொருளுக்கு அந்த முத்திரை செல்லாது.

இன்னொரு சிக்கல், விளையாட்டை நேரலையில் காட்டிச் சம்பாதிப்பவர்களுக்கும் வீட்டில் பாட்டு, விளம்பரக் குரல் பதிவு செய்து பிழைப்பவர்களுக்கும் வரும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவருக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. புகாரில் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். ஒரு தனிநபரிடம் பழைய மைக் வாங்கினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் வியாபாரி இல்லை.

என்ன வாங்குவது? விளையாட மட்டும் என்றால் பலருக்குக் கணினியின் தாய்ப்பலகையிலுள்ள ஒலி வசதியே போதும். நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் ஒன்று இருந்தால் எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பது தெரியும். பெட்டியில் '7.1' என்று போட்டிருக்கும் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது. மீதியெல்லாம் மென்பொருளின் வேலை. அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. பதிவுக்கு ஒரு மைக்கும், அதைக் கணினியோடு இணைக்க இரண்டு வழி யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வீட்டுப் பதிவுக்குத் தாராளம்; 192 என்ற எண் விற்பனைக்கானது. இந்தச் சாலையோர வீடுகளில் லாரிச் சத்தமும் கடல் இரைச்சலும் ஓயாது. எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் கண்டென்சர் மைக்கைவிட, வாய்க்கு அருகில் வைத்துப் பேசும் டைனமிக் மைக் இங்கே உதவும். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கை இயக்கியதும் பாட்டு பெரும்பாலும் பழைய டெலிபோன் போலக் கேட்கும். அது அந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு, பொருளின் குறை அன்று. அதற்காகப் புகார் கொடுத்தால் நிற்காது.

போலிகள் தனிக் கதை. 1966இல் ஷூர் கம்பெனி கொண்டுவந்த எஸ்எம்58 மைக், உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் ஒலிக் கருவிகளில் ஒன்று. பெட்டி, பை, ஸ்டிக்கர் வரை அப்படியே இருக்கும். விலை மட்டும் பாதிக்கும் கீழே. சென்னை ரிச்சி தெருவிலானாலும் இணையத்திலானாலும், விலை நம்ப முடியாதபடி இருந்தால் நம்பாதீர்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த நாடு, புகார் எண் இவை அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால், சரக்கு அசலாகவே இருந்தாலும் இந்தியாவில் அதற்கு வாரண்டி கிடைப்பது சந்தேகம். வயர்லெஸ் ஹெட்போன், வயர்லெஸ் மைக், புளூடூத் ஸ்பீக்கர், அடாப்டர் ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் யார் பெயரில் பதிவானது என்று காட்டிவிடும். கடையில் நின்றுகொண்டே பாருங்கள், வீட்டுக்கு வந்து அல்ல.

இனி உப்பு. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், ஈரக்காற்று அடித்தால் குவித்த உப்பு கசியும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் அந்த அளவு சாதாரணம். ஜன்னல் வழியே வந்து மைக் பின்னிலும் யூஎஸ்பி வாயிலும் படியும் உப்பு, இரவில் உப்புநீர்ப் படலமாகிறது. பச்சை பூக்கிறது, மின் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது, கண்டென்சர் மைக்கில் பொரிவது போன்ற சத்தம் கேட்கிறது. வேலை முடிந்ததும் மைக்கை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டி மறுபடி போடலாம்.

இதில் உரிமைப் பிரச்சினையும் இருக்கிறது. பல வாரண்டி அட்டைகளில் துருவும் நீர்ச் சேதமும் விலக்கு. சர்வீஸ் சென்டர் மின்சுற்று அட்டையைப் புரட்டிப் பார்த்து, "அரிப்பு இருக்கு சார், வாரண்டி வராது" என்று முடித்துவிடும். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். மறுப்புக்கான காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள், அரித்த இடத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய சில வாரத்திலேயே பழுது வந்திருந்தால், குறை தயாரிப்பில் இருந்ததா காற்றில் இருந்ததா என்று ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வாரண்டி நிபந்தனையே அநியாயம் என்று எதிர்க்க மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். வெள்ளத்துக்கு வாரண்டியே கிடையாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்கு வீட்டுக் காப்பீடுதான் வழி. 2021 முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களையும் சேர்த்துக்கொள்கிறது.

பணத்தோடு முடிந்துவிடாத விஷயத்துக்கு வருவோம். ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஓயாமல் உறுமல் கேட்கிறது. தெரிந்தவர் ஒருவர், "மூணு பின்ல பெரிய பின்னை ஒடச்சிட்டா போயிடும்" என்பார். உறுமல் போகலாம். கூடவே, இன்டர்ஃபேஸிலோ ஆம்ப்ளிஃபையரிலோ கசிவு ஏற்பட்டால் மின்சாரம் ஓட வேண்டிய பாதையும் போய்விடும். அடுத்த பாதை மைக்கைத் தொடும் கையும் உதடும்தான். 1972 மே 3 அன்று ஸ்காட்லாந்து ராக் குழு ஒன்றின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு எல்லார் கண்முன்னும் இறந்தார். மைக் உதட்டில் சுள்ளென்றால் அது எச்சரிக்கை. லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள்; உறுமல் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்குங்கள், சிறிய செலவுதான். கடற்கரை மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தச் சொல்லுங்கள். ஒரு நடுத்தர மைக்கின் விலைகூட ஆகாது. கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்திலேயே கோளாறு என்றால் மின் வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

மின்சாரம் நொடியில் தாக்கும்; காது மெதுவாகப் போகும், அதனால்தான் அதிக ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. 90இல் வாரத்துக்கே 4 மணி நேரம்தான் மிஞ்சும். 2024 ஜனவரியில் 'பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த்' இதழில், ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 14 ஆய்வுகளின் தொகுப்பு வந்தது. அதிலுள்ள ஓர் ஆய்வு, துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகள் நான்கில் சராசரி ஒலியை 85.6 முதல் 91.2 டெசிபல் வரை அளந்திருக்கிறது. 90 டெசிபலில் தினம் இரண்டு மணி நேரம் ஆடுபவர், இரண்டாம் நாள் இரவோடு வாரக் கணக்கை முடித்துவிடுகிறார். காலடிச் சத்தம் கேட்கவேண்டும் என்று வால்யூமைத் தூக்குவதும், அடுத்த நொடி குண்டு வெடிப்பதும்தான் இதில் விஷயம். விண்டோஸில் பல கணினிகளின் ஒலி அமைப்புக்குள் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' என்று ஒன்று இருக்கும். சில விளையாட்டுகளில் 'நைட் மோட்' என்று. மெல்லிய ஒலியை உயர்த்தி, வெடியை அடக்கும். செலவில்லை.

உள்காதின் மயிர்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. நஷ்டஈடு கேட்கலாமா என்றால், எச்சரிக்கை இல்லாத பொருளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்ற பிரிவு சட்டத்தில் உண்டு. எல்லாரும் அறிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை தராதது குற்றமாகாது என்ற பிரிவும் உண்டு. வால்யூமைத் தூக்கியது உங்கள் கை என்றால் வழக்கு எங்கேயும் போகாது. விளையாடி முடித்த பிறகும் காதில் 'ஞொய்' என்ற இரைச்சல் மறுநாள்வரை நின்றால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கோரிமேடு ஜிப்மரிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேட்கும் திறனைச் சோதியுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அன்றே போங்கள். சிகிச்சை சில நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சளி என்று நினைத்துக் காத்திருப்பவர்கள்தான் இழக்கிறார்கள்.

பதிவு செய்பவருக்கு ஒரு கடமையும் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் தெருக்கூத்து மண். கூத்துக் கலைஞரை வீட்டுக்கு அழைத்துப் பாடவைத்துப் பதிவேற்றினால், மைக் உங்களுடையதாக இருந்தாலும் நிகழ்த்தியவரின் உரிமை அவருடையது. பதிப்புரிமைச் சட்டம் அதை 50 ஆண்டுகளுக்குக் காக்கிறது. ஒரு தாளில் சம்மதமும், வருமானம் வந்தால் பங்கு என்ன என்பதும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வாங்கிய பொருளில் கோளாறு வந்துவிட்டால் முதலில் கடைக்கோ இணைய நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார். இணைய நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. அதுவும் பலிக்காவிட்டால் 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ருதி தளத்தில் வழக்குப் பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை. போலித் தளத்தில் பணத்தை இழந்திருந்தால் இந்தப் பாதை வேண்டாம், உடனே 1930ஐக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கடைகளில் இப்போது தரும் பில்லோ வெப்பத்தாளில் அச்சானது. வெயிலிலும் பர்ஸிலும் சில மாதத்தில் எழுத்து வெளுத்துவிடும். வாங்கிய அன்றே பில்லையும், பெட்டியில் உள்ள சீரியல் எண்ணையும் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.