பிழை அல்ல, ஊர்க் குரல்

ஸ்காட்ஸ் மொழியில் ‘நல்ல’ என்பதற்கான சொல்லை ஜி-யூ-ஐ-டி என்று எழுதலாம். ஜி-யூ-டி-இ என்றும் எழுதலாம். யூவை விட்டுவிட்டு ஜி-ஐ-டி என்று எழுதினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எழுத்துமுறை இந்த மொழிக்கு இன்றுவரை அமையவில்லை. ஆங்கிலத்தின் உடன்பிறப்பான இதைப் பேசத் தெரியும் என்று 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். 1603-ல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணை ஏற லண்டனுக்குப் போனார். அதன்பின் அரசு எழுத்தும் அச்சும் மெல்ல மெல்ல ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தன. ஸ்காட்ஸ் பேச்சில் தங்கியது. எழுத உட்கார்ந்தவர்கள் தங்கள் ஊர் உச்சரிப்பையே எழுத்தாக்கினார்கள்.

நான் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் குடியிருக்கிறேன். மென்பொருள் எழுதுவது தொழில். பக்கத்து வீட்டு மூதாட்டி, தம் பாட்டி எழுதிய கடிதங்களைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். சிறுமிகளைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். இந்த வட்டாரத்தில் சிறுமியை ‘க்வைன்’ என்பார்கள். கியூ-யூ-ஐ-என்-இ என்று தேடினேன், கொஞ்சம்தான் கிடைத்தது. மற்ற இடங்களில் பாட்டி கியூ-யூ-இ-ஒய்-என் என்று எழுதியிருந்தார். பிழைதிருத்தி அதன்கீழ் சிவப்புக் கோடு போட்டு, ‘குயின்’ என்று மாற்றச் சொன்னது. சிறுமியை ராணியாக்கப் பார்த்தது.

காரணம் எளிது. 1965-ல் சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவென்ஷ்டைன் ஒரு தூரக் கணக்கை வகுத்தார். ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஒன்று, நீக்கினால் ஒன்று, மாற்றினால் ஒன்று. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை மாற்றம் வேண்டுமோ அதுவே தூரம். பிழைதிருத்தி பொதுவாகத் தூரம் குறைந்த சொல்லையே முன்வைக்கும். பாட்டியின் சொல்லில் ஒய்யை இ ஆக்கினால் ‘குயின்’ வந்துவிடுகிறது, தூரம் 1. அதே சொல்லின் இன்னொரு வடிவத்துக்குப் போகவோ 3 மாற்றம் வேண்டும். ‘நல்ல’ விஷயத்திலும் இதே கதைதான். ஜி-யூ-ஐ-டிக்கும் ஜி-யூ-டி-இக்கும் தூரம் 2. ‘வழிகாட்டி’ என்று பொருள்படும் ‘கைடு’ தூரம் 1-இல் நிற்கிறது.

ஒலியை வைத்துத் தேடும் முறை இதைவிடப் பழையது. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ், முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளைக் கழித்துவிடும். ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும். ‘வெளிச்சம்’ என்பதை ஸ்காட்ஸில் சி போட்டும் ஆங்கிலத்தில் ஜி போட்டும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே குறியீடு வருகிறது. இரண்டு ‘க்வைன்’களையும் அது சேர்த்தே பிடித்தது. ஆனால் ‘என்ன’ என்ற சொல்லிடம் தோற்றது. பழைய ஸ்காட்ஸ் ஆவணங்களில் அது கியூ-யூ-எச் என்று தொடங்கும், பிற்காலத்தில் டபிள்யூ-எச், அபர்டீன் பக்கம் எஃப். நலம் விசாரிக்க இங்கே ‘ஃபிட் லைக்?’ என்பார்கள். முதல் எழுத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் முறைக்கு இவை மூன்றும் வேறு வேறு சொற்கள்.

ஆகவே கணினிக்கு இந்த மொழியின் வரலாற்றையே சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எல்லா மாற்றத்துக்கும் ஒரே விலை வைக்கக் கூடாது. மேலே சொன்ன மூன்று தொடக்கங்களும் ஒன்றுக்கொன்று மாறினால் செலவே இல்லை. யூ, வி, டபிள்யூ மூன்றையும் பழைய எழுத்தர்கள் கலந்தே எழுதினார்கள். அங்கும் விலை குறைய வேண்டும். உயிரெழுத்தை அடுத்து வரும் ஐ பல இடங்களில் நெடில் குறி. அதை நீக்கினால் பெரிய இழப்பில்லை. இந்த விதிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1931 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வந்த ஸ்காட்டிஷ் தேசிய அகராதி, தலைச்சொல்லின் அருகிலேயே வேறு வடிவங்களையும் தருகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த அந்தப் பட்டியல்களிலிருந்தே எந்த எழுத்து எதுவாக மாறும் என்று கணினி கற்கலாம்.

விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ‘ஃபிட்’ சிக்கல்தான். ‘என்ன’ என்பதும் அதுதான், ‘பாதம்’ என்பதும் அதேதான், ‘பொருந்து’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே எழுத்துகள். முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். சில இடங்களில் மனிதக் கண்ணே வேண்டும்.

மூதாட்டியின் கோப்பில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அகராதித் தலைச்சொல்லைக் குறிச்சீட்டாக ஒட்டினேன். தேடல் அந்தச் சீட்டில் நடக்கிறது, திரையில் பாட்டி எழுதியபடியே வருகிறது. ‘க்வைன்’கள் இப்போது சேர்ந்து வருகின்றன. ‘ஃபிட்’ வரும் வரிகளை மட்டும் மூதாட்டியே உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறார்.