"நீங்கள் வென்ற தொகை ரத்து" - இணையச் சூதாட்டத் தளம் இப்படிச் சொன்னால் சட்டம் யார் பக்கம்?

திரையில் வாணவேடிக்கை. "வாழ்த்துகள்!" என்று எழுத்து மின்னுகிறது. கணக்கில் பெரிய தொகை தெரிகிறது. அதை எடுக்கப்போனால் மின்னஞ்சல் வருகிறது: "தொழில்நுட்பக் கோளாறு. நீங்கள் வென்ற தொகை ரத்து செய்யப்பட்டது."

இணையச் சூதாட்டக்கூடங்கள் மீது பல நாடுகளில் எழும் புகார்களில் இது அடிக்கடி கேட்கும் கதை. இன்னொரு ரகமும் உண்டு. தளம் கொடுத்த வெகுமதிப் புள்ளிகள் திடீரென்று காணாமல் போகும். அல்லது போனஸில் வென்ற காசை "விதிமீறல்" என்று சொல்லிப் பிடித்துக்கொள்வார்கள்.

ஜெயித்தது ஜெயித்ததுதானே? அப்படி எளிதில் சொல்லிவிட முடியாது. நீதிமன்றம் வரை போன சில வழக்குகளைப் பார்த்தால் விஷயம் புரியும்.

திரையில் தெரிந்தது ஒன்று, கணினி சொன்னது வேறொன்று

இத்தகைய வழக்குகளில் நன்கு அறியப்பட்டவை பிரிட்டனில் நடந்தவை. அங்கு இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் உண்டு. 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி, வென்ற பணத்தைக் கேட்டு வழக்கும் தொடுக்கலாம்.

முதல் வழக்கு: 2018 ஜனவரி. பெட்ஃபிரெட் நிறுவனத்தின் செயலியில் பிளாக்ஜாக் விளையாடிய ஆடவரின் கணக்கில் 1.7 மில்லியன் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. சில நாள் கழித்து, மென்பொருளில் கோளாறு, பணம் தர முடியாது என்றது நிறுவனம். அவர் விடவில்லை. 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிறுவனம் காட்டிய விதிகள் இப்படிப்பட்ட கோளாற்றைத் தெளிவாகக் குறிப்பிடவில்லை, வாடிக்கையாளரின் கண்ணில் படும்படியும் இல்லை என்பது நீதிபதியின் கருத்து.

இரண்டாவது வழக்கு: 2020 அக்டோபர். பேடி பவர் தளத்தில் விளையாடிய பெண்ணுக்குத் திரையில் "மான்ஸ்டர் ஜாக்பாட்" விழுந்தது. தொகை 1,097,132.71 பவுண்ட். கணக்கில் போடப்பட்டதோ 20,265.14 பவுண்ட் மட்டுமே. உண்மையில் விழுந்தது "டெய்லி ஜாக்பாட்", திரை தவறாகக் காட்டிவிட்டது என்றது நிறுவனம். 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. திரையில் காட்டப்படுவது சரியாக இருக்கும் என்றுதான் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பார் என்பது தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது வழக்கில் முடிவு வேறு. 2015ல் பிரிட்டனின் தேசிய லாட்டரியை நடத்திய கேமலட் நிறுவனத்தின் உடனடிப் பரிசு ஆட்டம். ஒரு பெண்ணின் திரையில் 10 பவுண்ட் பரிசுக்கான எண்கள் பொருந்தி மின்னின. 1 மில்லியன் பவுண்டுக்கான எண்களும் பொருந்தியிருந்தன. ஆனால் அவை மின்னவில்லை. நிரலில் ஏற்பட்ட பிழை அது. 2024ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேமலட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விளையாடுபவர் விதிகளை ஏற்பதாகப் பொத்தானைத் தட்டியிருந்தார். கணினியில் பதிவான முடிவே இறுதியானது என்று அந்த விதிகளில் இருந்தது.

அப்படியென்றால் எது முடிவு செய்கிறது?

மூன்று வழக்கிலும் கோளாறு இருந்ததா என்பது மட்டும் கேள்வியில்லை. நீதிமன்றம் பார்த்தவை இவை:

- தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று விதியில் தெளிவாக எழுதியிருக்கிறதா?
- அந்த விதி வாடிக்கையாளருக்கு முறையாகக் காட்டப்பட்டதா, அல்லது பத்துப் பக்கம் தள்ளி மூலையில் ஒளிந்திருந்ததா?
- அந்த விதி நியாயமானதா?

"நான் விதிகளைப் படிக்கவே இல்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஏற்கிறேன் என்று தட்டினால் பொதுவாக ஏற்றதாகவே பொருள். அதே நேரத்தில் "விதியில் எழுதியிருக்கிறது" என்று நிறுவனமும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது.

போனஸ் கணக்கு: இலவசம் எவ்வளவு இலவசம்?

வென்ற பணம் ரத்தாகும் சர்ச்சைகளில் பல போனஸில்தான் தொடங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் 100 வெள்ளி போடுகிறீர்கள். தளம் 100 வெள்ளி போனஸ் தருகிறது. ஆனால் போனஸைப் போல் 35 மடங்கு பந்தயம் கட்டிய பிறகே பணத்தை எடுக்கலாம் என்பது நிபந்தனை என்று வைத்துக்கொள்வோம். அதாவது நீங்கள் மொத்தம் 3,500 வெள்ளிக்குப் பந்தயம் கட்டவேண்டும்.

அந்த ஆட்டம் நீண்டகாலச் சராசரியில் 96 விழுக்காட்டைத் திருப்பித் தருவதாக இருந்தால், 3,500 வெள்ளியில் 4 விழுக்காடு போகும். அது 140 வெள்ளி. கிடைத்த போனஸோ 100 வெள்ளி. கணக்குப் போட்டுப் பார்த்தால் இலவசம் உங்கள் சட்டைப் பையிலிருந்துதான் வருகிறது.

இதற்கு மேலும் பொடி எழுத்தில் சில நிபந்தனைகள் இருக்கும்:

- போனஸ் இருக்கும்போது ஒருமுறைக்கு இவ்வளவுக்கு மேல் பந்தயம் கட்டக்கூடாது. ஒரே ஒருமுறை மீறினாலும் வென்றது முழுவதும் ரத்து.
- சில ஆட்டங்களில் கட்டும் பந்தயத்தில் 10 விழுக்காடு மட்டுமே கணக்கில் சேரும். அப்படியானால் மேலே சொன்ன 3,500 வெள்ளி 35,000 வெள்ளியாகும்.
- ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குதான். அண்ணனும் தம்பியும் ஒரே வைஃபையில் விளையாடினால் இரண்டு கணக்கும் முடக்கப்படலாம்.

பிரிட்டனில் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 2018ல் அங்குள்ள போட்டித்தன்மை, சந்தை ஆணையம் தலையிட்ட பிறகு, வாடிக்கையாளர் போட்ட சொந்தப் பணத்தைப் போனஸ் நிபந்தனை சொல்லிப் பிடித்துவைக்கமாட்டோம் என்று மூன்று நிறுவனங்கள் உறுதியளித்தன. போனஸுக்கான பந்தய நிபந்தனை 10 மடங்கைத் தாண்டக்கூடாது என்று பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது.

புள்ளிகள் தவறுதலாகக் கூடினால்?

வெகுமதித் திட்டம் எப்படி வேலை செய்கிறது? நீங்கள் வென்றாலும் தோற்றாலும், பந்தயம் கட்டும் தொகைக்கு ஏற்பப் புள்ளிகள் சேரும். வெள்ளி, தங்கம், வைரம் என்று நிலை உயரும். அதற்கேற்பப் பணக் கழிவு, இலவச ஆட்டம் என்று சலுகைகள் கிடைக்கும். அடுத்த நிலைக்குக் கொஞ்சம்தானே பாக்கி என்று இன்னும் பந்தயம் கட்டத் தூண்டுவதும் இதுவே.

சில சமயம் கணினி தவறுதலாக 100 புள்ளிக்குப் பதில் 10,000 புள்ளி போட்டுவிடும். அவசர அவசரமாக அதைச் செலவழித்து வென்றால், அந்தப் பணம் உங்களுடையதா?

இந்தக் கேள்விக்குச் சூதாட்டத்துடன் சம்பந்தமில்லாத ஒரு சிங்கப்பூர் வழக்கு வெளிச்சம் காட்டுகிறது. 2003 ஜனவரியில் ஓர் இணையக் கடை 3,854 வெள்ளி மதிப்புள்ள லேசர் அச்சு இயந்திரத்தைத் தவறுதலாக 66 வெள்ளி என்று போட்டுவிட்டது. ஆறு பேர் சேர்ந்து 1,606 இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தனர். கடை மறுத்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தனர். விலை தவறு என்று தெரிந்தே வாங்க முனைந்தார்கள் என்று சொல்லி 2004ல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

தவறு என்று தெரிந்தே பயன்படுத்திக்கொண்டால் சட்டம் உங்களுக்குக் கை கொடுக்காது என்பதே அதன் பாடம். உண்மையாகவே தெரியாமல் நம்பியவரின் நிலை வேறு.

சரி, சிங்கப்பூரில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

இங்குதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பிரிட்டனில் வழக்குப் போட்டவர்களுக்கு இருந்த வழி இங்கு இல்லை.

சிங்கப்பூரில் இணையம்வழி பந்தயச் சேவை வழங்க அனுமதி பெற்றது சிங்கப்பூர் பூல்ஸ். அதில் 4டி, டோட்டோ, விளையாட்டுப் பந்தயங்கள் போன்றவை உண்டு. 21 வயதுக்கு மேற்பட்டோரே இணையக் கணக்குத் திறக்கலாம். ஸ்லாட், பிளாக்ஜாக் போன்ற சூதாட்டக்கூட ஆட்டங்களை இணையத்தில் நடத்த இங்கு யாருக்கும் உரிமம் இல்லை. மரினா பே சேண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வோர்ல்டு செந்தோசா சூதாட்டக்கூடங்களுக்கும்கூட.

ஆக, டெலிகிராமிலோ வாட்ஸ்ஆப்பிலோ "நம்பகமான சூதாட்டக்கூடம்" என்று உங்களுக்கு இணைப்பு வந்தால் அது சட்டவிரோதமானது. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், உரிமம் இல்லாத தளத்தில் விளையாடுபவருக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

வென்ற பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாமா? உரிமையியல் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி சூதாட்ட, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது. வென்ற பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. உரிமத்துடன் சட்டப்படி நடத்தப்படும் ஆட்டங்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. மலேசியாவிலும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்றே சொல்கிறது.

தளத்தின் கீழே வெளிநாட்டு உரிம முத்திரை இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த முத்திரை வெறும் படமாகவும் இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும், தடை உள்ள நாட்டிலிருந்து விளையாடினால் கணக்கு ரத்தாகும் என்று விதியில் எழுதியிருக்கக்கூடும். நீங்கள் தோற்கும்வரை யாரும் நாட்டைக் கேட்கமாட்டார்கள். ஜெயித்த பிறகுதான் அடையாள அட்டை கேட்பார்கள்.

இது சர்ச்சையா, மோசடியா?

கணக்கில் காசு தெரிந்தும் கைக்கு வரவில்லையா? இவற்றில் ஒன்று நடந்தாலும் உஷார்:

- பணத்தை எடுக்க முதலில் "வரி" கட்டுங்கள் என்கிறார்கள். சிங்கப்பூரில் தனிநபர் சூதாட்டத்தில் வென்ற தொகைக்கு வருமான வரி கிடையாது.
- "சரிபார்ப்புக் கட்டணம்", "விஐபி நிலைக்கு இன்னும் 500 வெள்ளி" என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள்.
- பணத்தை நிறுவனத்துக்கு அல்லாமல் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.
- உங்கள் வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ "கொஞ்ச நாளைக்கு" கேட்கிறார்கள். அதைக் கொடுத்தால் நீங்களே குற்றவாளியாகலாம்.

இன்னும் 500 வெள்ளி போட்டால் உள்ளே இருக்கும் 20,000 வெள்ளி வந்துவிடும் என்று தோன்றும். அந்த 20,000 வெள்ளி திரையில் தெரியும் எண் மட்டுமே. போகப்போவது உங்கள் 500 வெள்ளி.

இப்போது செய்யவேண்டியது என்ன?

1. மேற்கொண்டு ஒரு காசும் அனுப்பாதீர்கள்.
2. உரையாடல்கள், பணம் அனுப்பிய விவரங்கள், கணக்கு எண்கள் எல்லாவற்றையும் திரைப்படமாகச் சேமியுங்கள். தளம் எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடலாம்.
3. வங்கியின் அவசர எண்ணை அழைத்து, கணக்கையும் அட்டையையும் பாதுகாக்கச் சொல்லுங்கள்.
4. மோசடியா என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழையுங்கள்.
5. நீங்களும் சட்டத்தை மீறியிருக்கலாம் என்ற பயத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள். காவல்துறையிடம் போவதற்குமுன் வழக்கறிஞரிடம் பேசலாம்.
6. "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வரும் ஆட்களை நம்பவேண்டாம். அதுவும் மோசடியாக இருக்கக்கூடும்.

சிங்கப்பூர் பூல்ஸ் போன்ற உரிமம் பெற்ற சேவையில்தான் பிரச்சினை என்றால், ரசீதையும் பந்தய எண்ணையும் வைத்துக்கொண்டு முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். உரிமம் பெற்ற நிறுவனங்களைக் கண்காணிப்பது சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம்.

விட்டதைப் பிடிக்கவேண்டும் என்ற எண்ணம் உங்களையோ உங்கள் வீட்டில் ஒருவரையோ தூங்கவிடாமல் செய்கிறதா? சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. கணவன், மனைவி, பெற்றோர் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். எவ்வளவு போனது என்று வீட்டில் சொல்லத் தயங்குபவர்கள், முதலில் அங்கு சொல்லிப் பார்க்கலாம்.