வலி என்னும் காவலன்

கால்பந்தாட்டம் விரைவும் வலிமையும் வேண்டும் விளையாட்டு. ஓடுவோர் சட்டெனத் திரும்புங்கால் கணுக்கால் பிறழ்தலும், பிறர் கால் பட்டுத் தொடை கன்றுதலும் அதில் இயல்பு. அடிபட்ட இடம் சிவக்கும், வெதும்பும், வீங்கும், வலிக்கும். இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே உரோமாபுரி அறிஞர் செல்சஸ் எடுத்துரைத்தார். இந்நிலையை அழற்சி என்பர்.

உடல் தன்னைத்தானே செப்பனிடும் வழியே அழற்சியாகும். அடிபட்ட இடத்திற்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. வெள்ளணுக்கள் திரண்டு சிதைவுகளை அகற்றுகின்றன. பின்னர்ப் புதிய திசு வளர்கிறது. அதுவரை அவ்வுறுப்பை வருத்தாதவாறு எச்சரிக்கும் காவலனே வலி.

எனினும் வலியும் வீக்கமும் மிகுந்தால் அவற்றைத் தணித்தல் வேண்டும். அதற்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலிய மருந்துகள் உள்ளன. அவை செயற்படும் முறையை 1971ஆம் ஆண்டில் ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உடலில் உண்டாகி வலியையும் வீக்கத்தையும் பெருக்குகின்றன. அவை உண்டாகாதவாறு இம்மருந்துகள் தடுக்கின்றன. இவ்வறிஞர் 1982இல் நோபல் பரிசைப் பிறர் இருவருடன் பகிர்ந்து பெற்றார்.

ஆயின், அப்பொருள்களே இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன. சிறுநீரகங்களுக்குக் குருதி செல்லவும் துணைபுரிகின்றன. ஆதலின், மருந்து மிகுந்தால் இரைப்பை புண்படலாம். வியர்த்து நீர் வற்றிய ஆட்டக்காரரின் சிறுநீரகமும் கேடுறலாம். மேலும், மருந்து வலியைத் தணிக்குமேயன்றிக் கிழிந்த தசைநாரை ஒட்டவையாது. வலியை மறைத்துக்கொண்டு ஆடுவோர் சிறு காயத்தைப் பெருங்காயம் ஆக்கிக்கொள்வர்.

2010இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அதில் ஆடியோருள் 100க்கு ஏறத்தாழ 39 பேர் ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்னரும் வலிநீக்கும் மருந்தை உட்கொண்டனர் என மருத்துவ ஆய்வு காட்டிற்று. தேர்ந்த மருத்துவர்கள் உடனிருந்த அணிகளிலேயே நிலைமை இதுவாயின், தாமே கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோரின் நிலை என்னாகும்!

அடிபட்டவுடன் ஆட்டத்தை நிறுத்துதல் வேண்டும். துணியிற் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்து, கட்டிட்டு, காலை உயர்த்தி ஓய்வு கொள்ளுதல் நன்று. காலூன்ற இயலாவிடில் மருத்துவரை நாடுதல் வேண்டும். மருந்தும், அதன் அளவும், உட்கொள்ளும் நாள்களும் அவர் கூறியவாறே அமைதல் வேண்டும். காவலனை உறங்கச் செய்தவன் வீட்டையும் தானே காக்க வேண்டும். வலியை அடக்கியவர் ஓய்வினால் உடலைக் காத்தல் கடன்.